கொக்கியும் கோடும் இல்லாத ஊர்

பஸ்களின் நெற்றியில் ஊர்ப் பெயர் காட்டும் புது மின்பலகைகள் பொருத்திய வாரத்தில், திங்கட்கிழமை காலை மலையடி ஊருக்குக் கிளம்பிய பஸ் சரியான நேரத்துக்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது ஊருக்கு அல்ல, ஒரு பெட்டிக்குள். மதியம் திரும்பி வந்த டிரைவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு இதை டிப்போ மேனேஜரிடம் சொன்னார். நாலு பக்கமும் நேர்கோடு, உள்ளே வெள்ளைத் தரை, அதற்கு மேல் சொல்லும்படியாக ஒன்றுமில்லை, கடைசி ஸ்டாப் என்று குரல் கொடுத்ததும் எல்லோரும் மூட்டைமுடிச்சோடு இறங்கிக்கொண்டார்கள், திரும்பி வர அங்கே ஆள் இல்லை, அப்புறம் பின் பிரேக் கிறீச்சிடுகிறது, மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேனேஜர் பிரேக் விஷயத்தை உடனே மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பினார்.

டிரைவர் மீது தப்பில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு டிரைவர் பழக்கதோஷத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தை வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய், பெண் ஓர் ஊரிலும் மாப்பிள்ளை ஓர் ஊரிலுமாக நின்றிருக்கிறார்கள். அதிலிருந்து அந்த டிப்போவில் ஒரு விதி. வண்டியை எடுக்கும் முன் டிரைவர் கீழே இறங்கி, வண்டிக்கு எதிரே நின்று, நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பலகை சொல்லும் இடத்துக்குத்தான் வண்டி போகும். டிரைவருக்கு வழி தெரியும் தெரியாது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அன்று அவர் எதிரே நின்று பார்த்தபோது பெயரின் நடுவில் ஒரு காலிப் பெட்டி இருந்தது. அதையும் சேர்த்துப் படித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அந்த ஊரின் பெயர் நடுவே ஓர் அபூர்வமான எழுத்து உண்டு. ஊர்ப் பெயர்களை லத்தீன் எழுத்தில் எழுதும் அந்த நாட்டில் மற்ற ஊர்களெல்லாம் சாதாரண எழுத்துகளை வைத்துக் காலம் தள்ள, இந்த ஊர் மட்டும் வட்டமான ‘ஓ’ ஒன்றை எடுத்து, அதன் காலடியில் ஒரு கொக்கியை மாட்டி, தலைக்கு மேல் படுக்கையாக ஒரு கோட்டையும் போட்டு வைத்திருந்தது. கொக்கி இருந்தால் மூக்கால் சொல்ல வேண்டும், கோடு இருந்தால் நீட்டிச் சொல்ல வேண்டும். இரண்டும் இருப்பதால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஜலதோஷம் பிடித்தவர் பெருமூச்சு விடுவதுபோல இருக்கும். தகரப் பலகை இருந்த காலத்தில் இதில் தொல்லை வந்ததில்லை. பெயிண்டர் பெயர் முழுவதையும் எழுதிவிட்டு, ஒரு சிகரெட் குடித்துவிட்டு வந்து, கொக்கியையும் கோட்டையும் கடைசியாக வைப்பார். மின்பலகைக்கு சிகரெட் குடிக்கும் இடைவெளி கிடையாது. பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பினால் பஸ்ஸின் நெற்றியில் எரிய வேண்டியதுதான்.

அப்படி அடித்து அனுப்பும் வேலை கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண்ணுடையது. டிப்போவில் அவளைப் பலகை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த கண்டக்டர்களும் அக்கா என்றார்கள். அன்று அவள் பிழையில்லாமல்தான் அடித்திருந்தாள். அவளுடைய திரையில் கொக்கி இருந்த இடத்தில் கொக்கி, கோடு இருந்த இடத்தில் கோடு. ஜன்னல் வழியாகப் பஸ்ஸின் நெற்றியில் பெட்டியைப் பார்த்தபோது, சில பல்புகள் எரியவில்லை போலிருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பஸ்ஸில் ஜன்னலோரமாக அவளுடைய வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மலையடி ஊரில் ஒரு பட்டறையில் ஜன்னல் கண்ணாடி வெட்டுகிறவர். திங்கள் காலை போனால் சனி மாலை வருவார். கண்ணாடிக்காரர் என்று தெருவில் பெயர். அவர் கையசைக்கவில்லை, அவளும் அசைக்கவில்லை.

கோபதாபம் எதுவும் இல்லை. அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்து, என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சு முடிவதற்குள் இறந்துபோயிருந்தது. சொந்தக்காரர்கள் பனி குறையட்டும், வந்து பார்க்கலாம் என்று இருந்தார்கள். பனி குறைந்தபோது பார்க்கப் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக்காரர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். ஆக அந்த முகம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவளுக்கு உள்ளே ஏதோ ஒன்று, வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால்போல, மரத்துப் போயிருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வந்ததும் அவர் முகம் கழுவும் முன் சின்ன அறைக்குப் போய், ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பச் சாத்திவிட்டு வருவார். சமையலறையில் இருக்கும் அவளுக்குத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும். அவர்களுக்குள் பேச்சு என்று நடந்தது அதுதான்.

அந்த வாரம் முழுக்கப் பஸ்கள் பெட்டிக்குள் போய் வந்தன. ஜனங்கள் பஸ்ஸுக்கு வந்தால் கதவைப் பார்ப்பார்களே தவிர நெற்றியைப் பார்ப்பதில்லை, அதனால் கூட்டத்துக்குக் குறைவில்லை. மகளைப் பார்க்கக் கிளம்பிய மாடி வீட்டு மாமியார் போனாள், பொத்தான் வாங்கத் தையல்காரர் போனார். சனிக்கிழமை மாலை பஸ் காலியாகத் திரும்பியபோதுதான் வீடுகளிலிருந்து ஆள் வரத் தொடங்கியது. மலையடி ஊருக்குப் போன் போட்டுக் கேட்டால், ஊர் ஊராகத்தான் இருக்கிறது, பஸ்தான் வரவில்லை என்றார்கள். சொந்தக் காரில் போய்ப் பார்த்தவர்கள் ஊரைச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். டிரைவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, பெட்டியில் இறக்கிவிட்டோம் என்றார்கள். பலகை அக்கா அன்று மாலை வழக்கம்போல வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாப்பிட்டு, மீதியை மூடி வைத்தாள். அழுகை வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை, தூங்கிவிட்டாள்.

பலகைக் கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். முதுகுவலிக்காக இடுப்பில் பெல்ட் கட்டியிருந்ததால் குனியாமல் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படம். பலகையைச் செய்தவர்கள் அதிகம் புழங்கும் எழுத்துகளுக்கு மட்டும் படம் போட்டு உள்ளே வைத்திருக்கிறார்கள்; இந்த எழுத்து யாருக்கு வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

“எண் சரியாத்தான் போகுது அக்கா. படம்தான் இல்ல. படம் இல்லாத எழுத்து எதுவா இருந்தாலும் அது பெட்டியைத்தான் காட்டும்,” என்றார்.

“அப்ப அவங்கல்லாம்?” என்று அவள் கேட்டாள்.

“எண் இருக்கற வரைக்கும் இருப்பாங்க,” என்றார் அவர், பல்பு மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைச் சொல்வதுபோல.

அடுத்து வந்த வாரங்களில் அவர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. எழுத்தை மூன்றாகப் பிரித்து, வட்டத்துக்கு ஓர் எண், கொக்கிக்கு ஓர் எண், கோட்டுக்கு ஓர் எண் என்று அனுப்பினார்கள். கொக்கியும் கோடும் வட்டத்தில் ஏறாமல் அடுத்த எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தன, பஸ்ஸும் ஊரைத் தாண்டி அடுத்த வயலில் போய் நின்றது. இந்த எழுத்துக்கு எண்ணே இல்லாத பழைய எண்வரிசையில் அனுப்பியதும் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வந்தது. அன்று டிரைவர் ஒவ்வொரு முச்சந்தியிலும் வண்டியை நிறுத்தி கண்டக்டரைக் கேட்டு, கண்டக்டர் ஆகாயத்தைப் பார்த்து, மாலையில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டார்கள். இன்னொரு வரிசையில் ஓர் எழுத்துக்குப் பதில் சம்பந்தமில்லாத இரண்டு எழுத்துகள் எரிந்தன. போனது ஒரு பஸ், திரும்பியது இரண்டு, ஒரே நம்பர் பிளேட்டோடு. டிப்போவில் வண்டிப் பற்றாக்குறை இருந்ததால் இரண்டாவதை உபரி வண்டியாக வைத்துக்கொண்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் பெட்டியையே மறுபடி எரியவிட்டு, ஆட்களைத் தேடி அழைத்து வர ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். அதுவும் ஒரு பெட்டிக்குள்தான் போனது, ஆனால் வேறு பெட்டி. அங்கே நின்றவர்கள் யாருக்கும் தெரியாத மொழியில் பேசினார்கள், யாருக்கும் தெரியாத ஊருக்கு வழி கேட்டார்கள். பெட்டிகளெல்லாம் பார்க்க ஒரே மாதிரி, எந்தப் பெட்டிக்குள் எந்த எழுத்து இருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது என்று டெக்னீஷியன் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார்.

மேனேஜர் இதற்கு மேல் பொறுக்கவில்லை. அவருக்கும் மேலிடத்திலிருந்து நெருக்கடி.

“ஒரு கொக்கி, ஒரு கோடு. அதை எடுத்துட்டு வெறும் ஓ போட்டா என்ன குடியா முழுகிப் போகுது? போடுங்கம்மா,” என்றார்.

அவள் போட்டாள். பழைய பெயரை அழிக்காமல் வரிசையில் கீழே தள்ளி வைத்துவிட்டு, மொட்டை ‘ஓ’ உள்ள பெயரை மேலே ஏற்றினாள். பஸ் போயிற்று. ஊர் இருந்தது: பாலம், பட்டறை, பொத்தான் கடை எல்லாம் அச்சு அசலாக. சனிக்கிழமை மாலை பஸ் நிறைந்து வந்தது. காணாமல் போனவர்கள் எல்லோரும் படியில் வரிசையாக இறங்கினார்கள். டிப்போ முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகை. மேனேஜர் எல்லோருக்கும் டீ சொன்னார்.

வந்தவர்களிடம் ஏதோ ஒன்று குறைந்திருந்ததைக் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆயின, ஏனென்றால் குறைந்தது யாருக்கும் வேண்டாத சாமான். அவர்கள் காலில் எதுவும் மாட்டாமல் நடந்தார்கள். தலைக்கு மேல் எதுவும் தொங்காதவர்கள்போல நிமிர்ந்து பேசினார்கள். மாடி வீட்டு மாமியார், மருமகள் சுவரைத் துடைத்தால் தரையைப் பார்ப்பாள், தரையைத் துடைத்தால் சுவரைப் பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் வந்த மறுநாள், “நீ உட்காரும்மா, நான் கழுவறேன்,” என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். மருமகளுக்கு முதல் வாரம் பயம், இரண்டாம் வாரம் பழகிவிட்டது. தம்பி செத்த நாளிலிருந்து விடாமல் குடித்துவந்த தையல்காரருக்கு இப்போது பாட்டிலும் ஞாபகமில்லை, தம்பியும் ஞாபகமில்லை. அவருடைய மனைவி முதல் தடவையாகப் புதுப் புடவை கட்டிக்கொண்டு தெருவில் நடந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? யாரோ அவர்களை மொட்டை ஆட்கள் என்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்டால் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

பலகை அக்காவின் வீட்டுக்காரரும் சிரித்த முகத்தோடுதான் வந்தார். கல்யாணமான நாள், வீட்டுக்கு வெள்ளையடித்த வருடம், அவளுக்கு எந்தப் பக்கத்துப் பல் வலிக்கும் என்பது வரை எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. முகம் கழுவினார், சாப்பிட்டார், இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவள் தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காத்திருந்தாள். அவர் சின்ன அறைப் பக்கம் போகவே இல்லை. அடுத்த வாரம் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து அந்த அறைக்குள் நிறுத்தினார்.

“இந்த ரூம் ஏன் சும்மாவே கிடக்குது?” என்று கேட்டார்.

“பாப்பா இருந்த ரூம்,” என்றாள் அவள்.

“எந்தப் பாப்பா?” என்றார். முகத்தில் கள்ளம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. அவர் மேல் குறை சொல்ல எதுவும் இல்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். வீட்டில் ஒழுகிய குழாயெல்லாம் நின்றது. பட்டறையில் நடந்த வேடிக்கையைச் சொல்லுவார், விசில் அடிப்பார், அவள் தலைவலி என்றால் விளக்கைத் தணிப்பார். தெருவில் பலபேர், கொடுத்து வைத்தவள் என்றார்கள். அவளும் மறுக்கவில்லை. அவரை அவளுக்குப் பிடித்திருந்ததா என்றால் பிடித்துத்தான் இருந்தது, மரத்த கையால் பிடித்துக்கொள்கிற மாதிரி. ஆனால் இரண்டாம் வருடத்தில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், பிள்ளையின் காது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. முடி இருந்ததா, அடர்த்தியா, மென்மையா? அதுவும் கலங்கலாக இருந்தது. பேசிக்கொண்டதே இல்லை என்றாலும், இன்னொருவர் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதே அதுவரை போதுமாக இருந்திருக்கிறது. இப்போது அவள் ஒருத்தி மறந்தால் பிள்ளை பிறக்காததற்குச் சமம். பல வருடங்களுக்குப் பிறகு அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மடித்த துணியைத் திரும்ப உதறி மடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் டெக்னீஷியன் பராமரிப்பு வேலைக்கு வந்தார். அடுத்த மாதம் கம்பெனி எல்லாப் பலகைகளையும் துப்புரவு செய்யப் போகிறது, எரியாமல் கிடக்கும் பெயர்களைத் தானாகவே அழித்துவிடும் என்றார். கீழே தள்ளி வைத்த பெயரும் போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும். அந்த எண்? போனால் போனதுதான். படத்தைக் கம்பெனி போட்டுத் தராதா என்று கேட்டாள். ஓர் ஊருக்காக ஒரு படம் போட மாட்டார்கள், இரண்டு வருடமாக எழுதிப் போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான் என்றார். பிறகு குரலைத் தணித்து, படம் வரைய மென்பொருளிலேயே ஓர் இடம் உண்டு, அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு வேண்டும், வாடிக்கையாளருக்கு அதைச் சொல்லக் கூடாது என்றார். சொல்லவும் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி அடித்துக் காட்டிவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, புகார் வராத பலகையைத் தொட வேண்டாம் என்று நயமாகச் சொன்னார். தொட்டால் நயமாக இருக்காது என்பது அவர் முகத்தில் இருந்தது. தையல்காரரின் மனைவி வீட்டு வாசல் வரை வந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினாள். மாடி வீட்டு மருமகள் மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“உங்களுக்கு என்னக்கா குறை? சிரிச்ச முகமா ஒரு மனுஷன் வீட்டுல இருக்காரு. இதைப் போய் யாராச்சும் கெடுத்துப்பாங்களா?”

“உன் பழைய மாமியார் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ள நின்னுட்டிருக்காங்கம்மா.”

“நின்னா நிக்கட்டும்,” என்றாள் மருமகள். சொன்னபிறகு அந்த வார்த்தை அவளுக்கே பொறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பலகை அக்காவும் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அவள் அந்த இடத்தைத் திறந்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள். ஒரு கட்டம் ஒரு பல்பு. தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும். வட்டத்தை வரைவது சுலபமாக இருந்தது. கொக்கியை வலது ஓரத்திலிருந்து கீழே இறக்கி வெளிப்பக்கமாக வளைத்தாள். கோட்டுக்கு வந்தபோது இடமில்லை. பலகையின் உயரம் அவ்வளவுதான். கோட்டைப் போட்டால் அது பலகைக்கு வெளியே போனது, வட்டத்தோடு ஒட்டிப் போட்டால் தொப்பி போட்ட தலைபோல இரண்டும் ஒன்றாயிற்று. கோடு இல்லாமல் கொக்கி மட்டும் வைத்தால் வருவது யார் என்று யோசித்துப் பார்த்து அந்த யோசனையை விட்டாள். வட்டத்தை மொத்தமாக அழித்து, ஒரு வரிசை குறைத்து, குள்ளமாக மறுபடி வரைந்தாள். அதற்கு மேல் ஒரு வரிசை இருட்டாக விட்டு, அதற்கும் மேலே, பலகையின் விளிம்போடு விளிம்பாகக் கோட்டைப் போட்டாள். ஏதோ சட்டையில் ஒட்டிய நூலை எடுப்பதுபோலத்தான் இருந்தது. கீழே கிடந்த பழைய பெயரை மேலே கொண்டுவந்தாள். மொட்டைப் பெயரை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டில் குழாயைச் சரிசெய்த ஒரு மனுஷனை எந்தப் பெட்டிக்குள் அனுப்புவது? இரண்டு பெயருக்கும் ஒவ்வொரு வண்டி ஒதுக்கினாள். அந்த உபரி பஸ்ஸுக்கும் ஒரு வேலை கிடைத்தது.

சனிக்கிழமை மதியம் டிரைவர் வண்டிக்கு எதிரே நின்று படித்தார். மூக்கால் நீட்டிப் படித்தார். “நடுவுல இருக்கற ஓ கொஞ்சம் குள்ளமா இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். மலையடி ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் மூட்டைகளோடு ஒரு கூட்டம் நின்றது. அவர்களுக்குத் தாடி வளர்ந்திருக்கவில்லை, துணி கசங்கியிருக்கவில்லை. பசி எடுக்கவில்லையாம், தூக்கமும் வரவில்லையாம். இவ்வளவு நேரமா என்று டிரைவரைத் திட்டியபடி ஏறினார்கள். மாலையில் டிப்போவில் இறங்கியபோது கட்டிப்பிடித்தல் இல்லை. ஏற்கெனவே ஒரு தடவை கட்டிப்பிடித்து அழுதுவிட்ட ஜனங்களுக்கு மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மாடி வீட்டு மாமியார் நேராக வீட்டுக்குப் போனாள். அடுப்படியில் தானே நின்று பாத்திரம் கழுவுவதைக் கண்டாள். சற்றுநேரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தக் கிண்ணத்தில் பிசுக்கு போகவில்லை என்றாள். மொட்டை மாமியார் சரி என்று மறுபடி கழுவினாள். மருமகள் கதவுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேனேஜர் விசாரணை ஒன்று ஆரம்பித்தார். யார் யாரை விசாரிப்பது என்று புரியாமல் அது சில மாதத்தில் நின்றது.

பலகை அக்கா தன் வீட்டுக்காரரைப் படிக்குப் பக்கத்தில் நின்று அழைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் கடைத்தெரு வழியாக நடந்தார்கள். தெருமுனையில் அவள், வீட்டில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள் என்று சொன்னாள். அவர் யோசித்தார். சண்டைக்காரனா என்று கேட்டார். இல்லை, நல்ல மனுஷன் என்றாள். அப்படியானால் சரி என்று நடந்தார். கதவைத் திறந்த மொட்டைக்காரர் எதிரே இருந்தவரை ஒருமுறை பார்த்தார், பையை வாங்கி உள்ளே வைத்தார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். அங்கே இருந்தவை கத்திகள் இல்லை. களைத்துப்போன ஆள் ஒருவர், களைக்காத ஆள் ஒருவர். மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவளுக்கு இரண்டு வருடமாக, அதற்கும் முன்னால் எத்தனையோ வருடமாகக் கேட்காதது வாயில் வந்து நின்றது.

“ஏங்க, பாப்பா ஞாபகம் இருக்கா?”

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். “அங்க நினைக்கறதுக்கு வேற என்ன இருந்துச்சு?” என்றார். அவர் குரல் அவ்வளவு நீளமான வாக்கியத்துக்குப் பழக்கமில்லாமல் கரகரத்தது. “ராத்திரி நீ அசந்து தூங்கிடுவே. நான்தான் தூக்கி வெச்சிருப்பேன். கொட்டாவி விடறப்ப ஒரு கண்ணை மட்டும்தான் மூடும். இன்னொண்ணு என்னையே பாத்துட்டு இருக்கும்.”

அவளுக்கு இது தெரியாது. அவள் மறந்து போனவற்றில் ஒன்றல்ல இது, அவள் பார்த்ததே இல்லை. எழுத்தை வரையாமல் விட்டிருந்தால் இது எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோது மரத்திருந்த இடத்தில் சுருக்கென்று வலித்தது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தக் கண்ணு?” என்று கேட்டவர் மொட்டைக்காரர்.

“இடது,” என்றார் கண்ணாடிக்காரர். மொட்டைக்காரர் தன் இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டு, மேலே சொல்லச் சொன்னார். கண்ணாடிக்காரர் சொன்னார். இடையிடையே அவளும் சொன்னாள். காது யார் ஜாடை என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது, முடி விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அவள் அழுதாள். சாப்பாடு ஆறிப் போனது, ஆறியதையே சாப்பிட்டார்கள்.

அந்த டிப்போவின் பெரிய பலகையில் இன்றைக்கும் அந்த ஊர் இரண்டு வரியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எரிகிறது, யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தந்தப் பஸ்ஸுக்கு அந்தந்த ஆட்கள் ஏறிக்கொள்கிறார்கள். தையல்காரர் மட்டும் ஒருவராகத்தான் இருக்கிறார். மொட்டைத் தையல்காரர் மொட்டை ஊரிலேயே கடை போட்டுவிட்டார், பொத்தானும் அங்கிருந்துதான் வருகிறது. பலகை அக்காவின் வீட்டிலிருந்து திங்கள் காலை இரண்டு பேர் கிளம்புகிறார்கள், சனி மாலை இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் குறைவாகப் பேசுவார், ஒருவர் நிறையப் பேசுவார், வீட்டு வேலை பகிர்ந்துகொள்கிறார்கள். முன்போல மொட்டைக்காரர் விசில் அடிப்பதில்லை, அடித்தாலும் மெதுவாகத்தான் அடிப்பார். பிள்ளையைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது அவளைக் கேட்டால், மூன்று பேர் என்பாள். மூன்றாமவர் பார்த்தவர் இல்லை, கேட்டவர்தான். ஆனாலும் எந்தக் கண் என்று கேட்டால் அவர்தான் முந்திக்கொண்டு சொல்கிறார்.